மொட்டைமாடியில் எது காய்க்கும்

செடி வளர்ப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எப்படியும் கைராசியில் வந்து நிற்கும். எதிர்வீட்டுக்காரர் குச்சியை ஒடித்து நட்டாலும் துளிர்க்கிறது, நான் ஆசை ஆசையாக வாங்கி வைத்தது பதினைந்தே நாளில் கருகிவிட்டது என்று ஒருவர் அங்கலாய்ப்பார். உங்கள் கைக்கு அது வராது, விடுங்கள் என்று மற்றவர் ஆறுதல் சொல்வார். சென்னையில் மாடித்தோட்டம் போட்டிருக்கும் நண்பர்களோடு பல ஆண்டுகளாக விதையும் கன்றும் புலம்பலும் பரிமாறிக்கொண்டதில், இந்தக் கைராசியின் மீது எனக்கிருந்த மரியாதை அநேகமாகப் போய்விட்டது. ஒரே மனிதர் ஒரே தொட்டியில் ஒரே எருவைப் போட்டு வளர்க்கும் தக்காளி, தை மாதத்தில் கொத்துக்கொத்தாகக் காய்த்துவிட்டுச் சித்திரையில் ஒரு பிஞ்சுகூடப் பிடிக்காமல் நிற்கிறது என்றால், இடையில் அவருடைய கையில் என்ன மாறியிருக்க முடியும்? மாறியது வெயிலும் இரவின் சூடும் பகலின் நீளமும்தான்.

தக்காளியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். சென்னை மாடிகளில் அதிகம் பேர் ஆசைப்படுவதும் அதிகம் பேர் ஏமாறுவதும் இதில்தான். செடி பச்சைப்பசேலென்று இருக்கும், பூவும் நிறைய வரும், ஆனால் காய் பிடிக்காது. பூக்காம்பின் நடுவில் சற்றே புடைத்த கணு ஒன்று உண்டு. முதலில் அந்தக் கணு மஞ்சளாகும், மறுநாள் விரல் பட்டாலே பூ அந்த இடத்தில் கழன்று விழுந்துவிடும். பகல் வெப்பம் 32 முதல் 35 டிகிரியைத் தாண்டும்போதும், இரவு வெப்பம் 24 டிகிரிக்கு மேலேயே நிற்கும்போதும் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்துவிடுகிறது. கத்திரி வெயில் நாட்களில் சென்னையின் இரவு 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது. பகலெல்லாம் வெயில் குடித்த காங்கிரீட் தளம் அந்தச் சூட்டை இரவு முழுவதும் கக்கிக்கொண்டிருப்பதால், மாடியில் இருக்கும் செடிக்கு வானிலை அறிக்கையில் சொல்லப்படும் இரவுகூடக் கிடைப்பதில்லை.

பூ உதிர்கிறது என்று சொன்னவுடன் தேமோர்க் கரைசல் தெளியுங்கள் என்று பத்துப் பேர் யோசனை சொல்வார்கள். தேங்காய்ப் பாலும் மோரும் சேர்த்துப் புளிக்கவைத்த அந்தக் கரைசல் மீது எனக்கு விரோதம் எதுவுமில்லை, ஏற்ற பருவத்தில் தெளித்தால் செடி தெளிச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏப்ரலில் தெளித்துவிட்டு மே மாதத்தில் தக்காளியை எதிர்பார்ப்பது, செடியின் மகரந்தத்தால் முடியாத ஒன்றை அதன் இலையிடம் கேட்பதாகும். கோடையில் நாம் கடையில் வாங்கும் தக்காளியின் பெரும்பகுதி மதனப்பள்ளியிலிருந்தும் கோலாரிலிருந்தும் கோயம்பேட்டுக்கு வருகிறது. அந்த ஊர்கள் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700, 800 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அங்கே கோடையிலும் இரவு குளிர்ந்துவிடும். நம் ஊரில் அந்தக் குளிர்ச்சி மார்கழியிலும் தையிலும்தான் வாய்க்கிறது. ஆவணி, புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி மழையில் நாற்றுகள் அழுகாமல் காப்பாற்றிக் கரையேற்றிவிட்டால், பொங்கலை ஒட்டிக் காய் பறிக்கலாம். அப்போதும் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு நச்சுநோய் வந்த செடியை இரக்கம் பாராமல் பிடுங்கிவிட வேண்டும். அதற்கு மருந்து இல்லை, பக்கத்துச் செடிக்குப் பரவ வழி மட்டும் உண்டு.

தக்காளிப் பூவில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அதன் மகரந்தம் பூவின் நடுவிலுள்ள மஞ்சள் கூம்புக்குள் அடைந்து கிடக்கிறது. பூ அதிர்ந்தால்தான் உதிரும். காற்று அடித்தால் போதும் என்றாலும், வயிற்றில் நீல வரிகள் ஓடும் ஒரு தேனீ வந்து பூவைக் கவ்விக்கொண்டு இறக்கைத் தசைகளை அதிரவைக்கும்போது வேலை இன்னும் திருத்தமாக நடக்கிறது. அந்த நேரத்தில் அருகில் நின்றால் 'ர்ர்ர்' என்ற ஒலியைத் தெளிவாகக் கேட்கலாம். அந்தத் தேனீ வராத உயர்ந்த மாடிகளில் காலை பத்து மணி வாக்கில் பூங்கொத்தை விரலால் மெல்லச் சுண்டிவிடுவது பலன் தருகிறது.

மகரந்தச் சேர்க்கை என்று வந்துவிட்டால் கொடிக்காய்களைப் பற்றிப் பேசாமல் முடியாது. பந்தல் போட்டு, நைலான் வலை கட்டி, பீர்க்கையும் புடலையும் ஏற்றிவிட்டவர்கள் முதல் பூ வந்தவுடன் மகிழ்ந்து, அடுத்த வாரமே கவலைப்படத் தொடங்குகிறார்கள். பூக்கிறது, கொட்டுகிறது, காய் இல்லை. முதலில் வருபவை அத்தனையும் ஆண் பூக்கள் என்பதைச் சொன்னால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். கொடி முதிர்ந்து பக்கக் கிளைகள் ஓடத் தொடங்கிய பின்னரே பெண் பூக்கள் கணிசமாக வரும். பெண் பூவை அடையாளம் காண்பதில் சிரமமே இல்லை, பூவுக்குக் கீழேயே விரல் நுனி அளவில் அந்தக் காயின் சாயல் அச்சாக இருக்கும். வெயிலும் பகல் நீளமும் கூடும்போது ஆண் பூக்கள் மிகுவதும் இந்தக் குடும்பத்தின் இயல்பு. ஆகவே கோடையில் ஏறிய கொடி பந்தல் முழுக்கப் படர்ந்து பூவாய்ச் சொரிந்துகொண்டே காய்க்கு மட்டும் கணக்குப் பார்க்கும்.

மீதிப் பாதிக் கவலைக்குக் காரணம் நேரம். பாகலும் வெள்ளரியும் காலையில் மலர்கின்றன. தேனீக்கள் வேலை பார்க்கும் நேரம் அது, அவற்றைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. பரங்கி விடிவதற்குள் திறந்து, வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். பீர்க்கோ மாலையில் விரிகிறது. சுரை பொழுது சாய்ந்த பின் விரிகிறது. புடலை முழுக்க முழுக்க இரவின் பூ. விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பிறகு மேலே போய்ப் பார்த்தால், வெள்ளை இதழ்களின் ஓரத்தில் நூல் நூலாகப் பிரிந்த இழைகள் சுருள் அவிழ்ந்து நீள்வதைக் காணலாம். இவற்றுக்கு விருந்தாளிகள் அந்துப்பூச்சிகள். தரையில் புதரும் மரமும் உள்ள இடத்தில் அவை தாமாக வரும். நாலைந்து தளங்களுக்கு மேலே, சுற்றிலும் கண்ணாடியும் சிமெண்டுமாக இருக்கும் இடத்துக்கு வருவது அவற்றின் விருப்பம். எனவே கையால் சேர்த்துவிடும் வேலையை நாமே மேற்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. அன்று விரிந்த ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, நடுவில் பொடி படிந்திருக்கும் பகுதியைப் பெண் பூவின் சூல்முடியில் எல்லாப் பக்கமும் படும்படி ஒற்றியெடுக்க வேண்டும். பீர்க்குக்குப் பீர்க்கு, சுரைக்குச் சுரை. இனம் மாறினால் பயனில்லை. சேர்ந்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் பிஞ்சு கீழ்நோக்கி வளைந்து பருக்கத் தொடங்கும், சேராதது நுனியிலிருந்து மஞ்சளித்துச் சுருங்கிப் போகும். இதில் புதிய தோட்டக்காரர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: பிஞ்சு மஞ்சளானவுடன் சத்துக் குறைவு என்று நினைத்து உரத்தைக் கொட்டுகிறார்கள். தழைச்சத்து கூடக் கூடக் கொடி இன்னும் இலையாகப் போகிறது, காய் இன்னும் தள்ளிப்போகிறது. காய் பிடித்த பின்னும் பழ ஈ வந்து பிஞ்சுத் தோலில் முட்டையிட்டுவிடும் என்பதால், பருக்கத் தொடங்கிய காய்க்குச் செய்தித்தாளில் ஓர் உறை செய்து மாட்டிவிடுவது மருந்தடிப்பதைவிட நிச்சயமான வழி. புடலைக்கு நுனியில் ஒரு சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுவது நம் ஊர்ப் பழக்கம். கட்டாவிட்டாலும் காய் காய்தான், சுருண்டு கிடப்பதைச் சீவி நறுக்குவதுதான் எரிச்சல்.

அவரைக் கதை வேறு. கொடி அவரையைத் தை மாதத்தில் போட்டுவிட்டு ஆறேழு மாதம் இலையையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அத்தையிடம் இப்படி ஒரு கொடியைப் பற்றிச் சொன்னபோது அவர் சிரித்தார். "அவரையப் போட்டுட்டுத் தெனமும் எட்டி எட்டிப் பாத்தா பூத்துடுமா? பனி எறங்கட்டும், தன்னால பூக்கும்" என்றார். பனி விழுந்தால் அவரை காய்க்கும் என்பது ஊரறிந்த வழக்கு; ஆடியில் ஊன்றிக் கார்த்திகை, மார்கழியில் பூப்பார்த்துத் தையில் கூடை கூடையாகப் பறிப்பது அந்தக் கணக்கில்தான். தாவரவியல் நோக்கில் பார்த்தால் பனியைவிடப் பகலின் நீளமே இதற்குப் பொறுப்பு. நம் நாட்டுக் கொடி அவரை, பகல் குறுகினால்தான் பூமொட்டு வைக்கும் இனம். சென்னையில் ஜூன் மாதத்துப் பகலுக்கும் டிசம்பர் மாதத்துப் பகலுக்கும் உள்ள வேறுபாடு சுமார் ஒன்றரை மணி நேரம்தான் என்றாலும், அந்த ஒன்றரை மணி நேரத்தை அவரை கணக்கிட்டு வைத்திருக்கிறது. அத்தை பனி என்றார், புத்தகம் பகல் என்கிறது. இரண்டும் காட்டும் மாதம் ஒன்றே என்பதால் அவரிடம் நான் வாதாடவில்லை. பொறுமை இல்லாதவர்களுக்குச் செடி அவரை இருக்கிறது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் செடி அவரை ரகங்கள் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் எல்லாப் பருவத்திலும் காய்க்கக்கூடியவை. சுவையில் எனக்குக் கொடி அவரைதான் ஒரு படி மேல். அதன் மேல் கருப்பாக அப்பிக்கொள்ளும் அசுவினியைக் கழுவித் தள்ளும் சலிப்பையும் மீறி இதைச் சொல்கிறேன்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பதை நாம் பழமொழியாக மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். விதைப் பொட்டலத்தின் பின்பக்கத்தில் 'ஆண்டு முழுவதும் பயிரிடலாம்' என்று அச்சிட்டிருப்பதை நம்பும் அளவுக்கு அதை நம்புவதில்லை.

ஏமாற்றாத செடி எது என்று புதிதாகத் தொடங்குபவர்கள் கேட்டால் என் பதில் கீரைதான். முளைக்கீரையும் சிறுகீரையும் கடும் வெயிலில் சோர்வதில்லை, சூடும் வெளிச்சமும் மிகுந்த இடத்தில் குறைந்த நீரைக்கொண்டு வளரும்படி அமைந்த ஒளிச்சேர்க்கை முறை அவற்றுக்கு இருக்கிறது. அகலமான ஒரு தொட்டியில் தூவிவிட்டால் மூன்று நான்கு வாரத்தில் பிடுங்கலாம். பருப்புக்கீரை இன்னும் துணிச்சலானது, தொட்டி விளிம்பிலும் தளத்தின் விரிசலிலும்கூட வந்துவிடும். மணத்தக்காளியை யாரும் விதைக்க வேண்டியதே இல்லை, காக்கையும் மைனாவும் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. கொத்தமல்லி மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. தனியாவைத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைத்தாலும் கோடையில் முளைப்பது குறைவு, முளைத்ததும் நாலு இலை விடுவதற்குள் பூக்காம்பு எடுத்துவிடும். அதைக் கார்த்திகைக்குத் தள்ளிப்போடுவது நல்லது.

கத்திரி எல்லாப் பருவத்திலும் காய்க்கும், ஒரு சுற்றுக் காய்த்த பின் பாதிக்குமேல் வெட்டிவிட்டால் மறுபடியும் துளிர்த்துக் காய்க்கும். அதன் எதிரி தண்டும் காயும் துளைக்கும் புழு. நன்றாக நின்ற செடியில் ஒரே ஒரு குருத்து மட்டும் தலை தொங்கினால் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. வாடிய பகுதிக்குச் சற்றுக் கீழே வெட்டி, தண்டைப் பிளந்து பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பான புழு இருக்கும். வெட்டியதை எரு குழியில் போடாமல் அழித்துவிட வேண்டும்.

இங்கே மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகளை, அதாவது தோட்டம் போடத் தேவையான பொருள்களின் தொகுப்புகளை, வழங்கத் தொடங்கிய பிறகு தென்னைநார்க் கழிவுக் கட்டி எல்லா வீட்டு மாடிகளுக்கும் வந்துவிட்டது. எடை குறைவு, தண்ணீரைப் பிடித்துவைக்கும், தளத்துக்குப் பாரமில்லை. ஆனால் அதில் உப்பு இருக்கும், ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிப் பிழிய வேண்டும். செடிக்குத் தரத்தக்க சத்தும் அதில் அநேகமாக இல்லை. முதல் மாதம் தளதளவென்று நின்ற செடி இரண்டாம் மாதம் வெளிறிப்போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். செம்மண்ணும் மண்புழு உரமும் சேர்க்காமல் வெறும் நார்க்கழிவை நம்பக்கூடாது. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக உள்ள பகுதிகளில் சிக்கல் இரட்டிப்பாகிறது: கோடையில் நீர் ஆவியாக ஆவியாக உப்பு தொட்டியிலேயே தங்கி, இலை விளிம்பு தீய்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழை வந்து அதைக் கழுவிக்கொண்டு போகும்வரை செடி தாக்குப்பிடித்தால் சரி. சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வெளியேறும் நீரைச் செடிக்கு ஊற்றிச் சிக்கனம் செய்வதாக நினைப்பவர்கள் அதில் உப்பு இன்னும் செறிவாக இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கறிவேப்பிலையைப் பற்றிய புகார் எப்போதும் ஒரே மாதிரிதான்: சாகவும் இல்லை, வளரவும் இல்லை. தொட்டியில் வைத்த கன்று வேர் ஊன்ற நிதானமாக நேரம் எடுத்துக்கொள்கிறது, அதற்குள் நாம் இலையை ஒவ்வொன்றாக உருவி அதை மொட்டையடித்துவிடுகிறோம். உருவுவதற்குப் பதிலாகக் கொழுந்துக் குச்சியோடு ஒடித்தால் ஒடித்த இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று கிளை வெடிக்கும், பூங்கொத்து வந்தால் கிள்ளிவிடலாம். புளித்த மோர் ஊற்றுவது காலங்காலமான வைத்தியம். மோரைவிட இந்தக் கிள்ளலுக்கே செடி அதிகம் இசைகிறது என்பது என் கணிப்பு. பிறகு புழு. இலையின் மேல் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருக்கும், துடைக்கப் போனால் அது நகரும். சில நாளில் தோலை உரித்துக்கொண்டு பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறத்தில் கவைக்கொம்பை நீட்டி ஒரு நாற்றத்தை விடும். எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் முட்டையிடும் அழகு வண்ணத்துப்பூச்சிகளின் பிள்ளைகள் இவை. சிறு செடியை இரண்டே நாளில் ஈர்க்குச்சியாக்கிவிடக் கூடியவை என்பதால் வேறொரு வளர்ந்த எலுமிச்சைக்கு அவற்றை இடம் மாற்றுகிறேன். நசுக்க மனம் வருவதில்லை.

செம்பருத்தியைத் தாக்கும் பூச்சிக்கு அந்தச் சலுகையைக் காட்ட முடியாது. பஞ்சு ஒட்டியது போலத் தண்டெல்லாம் மாவுப்பூச்சி படிந்துவிட்டால் மொட்டு விரியாமலே உதிரும். 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று பரவி மேற்கு மாவட்டங்களை ஆட்டிப்படைத்தது பலருக்கு நினைவிருக்கலாம். மருந்தடித்து அது அடங்கவில்லை. அதன் உடலைத் துளைத்து முட்டையிடும் மிகச் சிறிய குளவியினம் ஒன்றை 2010இல் புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விட்ட பிறகே அடங்கியது. மாடியில் இந்தக் கதைக்கு நேரடிப் பயன் இருக்கிறது. கண்ணில் பட்டதற்கெல்லாம் கடும் பூச்சிமருந்தை அடிப்பவர் முதலில் கொல்வது இப்படிப்பட்ட குளவிகளையும் பொறிவண்டுகளையும்தான். தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கழுவி, வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளித்து, மாவுப்பூச்சிகளை மேய்க்கும் எறும்புகளின் வழியை அடைத்தால் பெரும்பாலும் போதும். வாரம் தவறாமல் செய்ய வேண்டும், அவ்வளவே.

கடைசியாக ரோஜா. தள்ளுவண்டியில் நாலைந்து பூவோடு வரும் கன்றைப் பார்த்தால் யாருக்கும் வாங்கத் தோன்றும். "தெனம் பூ பறிக்கலாம் மேடம், சும்மா தண்ணி மட்டும் ஊத்துங்க" என்பார் வண்டிக்காரர். அவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அந்தக் கன்று எந்த இளங்குளிர் ஊரில் வளர்ந்ததோ அங்கே அது உண்மையாகவே இருந்திருக்கும். ஓசூர், பெங்களூர் வட்டாரத்தின் இதமான குளிரில் செழிக்கும் ஒட்டு ரோஜா, சென்னையின் மே மாதத்தில் பெரிய பூவையும் கனமான இலையையும் தாங்குவது கடினம். வேரைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டை ஒருபுறம்; மறுபுறம் ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் காட்டுக்குருத்து. செடி புதிதாகத் துளிர்க்கிறது என்று மகிழ்ந்து அந்தக் குருத்தை விட்டுவைத்தால், மேலே இருக்கும் நல்ல ரகம் காய்ந்துபோய்க் கீழே முள் மட்டும் மிஞ்சும். ரோஜாவே வேண்டும் என்பவர்களுக்குப் பன்னீர் ரோஜா இருக்கிறது. பூ சிறிதுதான், இதழ் அன்று மாலைக்குள் உதிர்ந்துவிடும், ஆனால் பூவுக்கு மணமும் செடிக்கு ஆயுளும் உண்டு. லாவண்டரையும் ஸ்ட்ராபெரியையும் பற்றிக் கேட்பவர்களிடம், அந்தப் பணத்துக்கு ஒரு மல்லிகைக் கன்று வாங்குங்கள் என்கிறேன்.

தமிழ்நாட்டின் மல்லிகைத் தோட்டங்களுக்குக் கன்று போவது இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்து மணலிலிருந்து. கடலோரக் காற்றும் வெயிலும் பழகிய அந்தச் செடிக்குச் சென்னை மாடி அந்நியமில்லை. மல்லிகை பூக்கவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நிழல், அல்லது கவாத்து செய்யாதது. நவம்பர் கடைசி வாரத்தில் தண்ணீரைக் குறைத்து, முழங்கால் உயரத்துக்குச் செடியை வெட்டி, மீதமிருக்கும் இலைகளையும் உருவிவிட வேண்டும். பார்ப்பவர்கள் பதறுவார்கள். பக்கத்து மாடிக்காரர் ஒருவர், நன்றாக இருந்த செடியை இப்படிக் கொன்றுவிட்டீர்களே என்று என்னிடம் வருத்தப்பட்டார். அவருடைய செடி கொடியாக நீண்டு கைப்பிடிச் சுவரெல்லாம் படர்ந்து பங்குனியிலும் இலையாகவே நின்றது. இந்த ஆண்டு கார்த்திகையில் அவரே கத்தரியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வெட்டிய குச்சிகளில் நட்டு வளர்க்கத் தேறுபவை எவை என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.